கடலோரத்தில் பணக் கணக்கை எங்கிருந்து சொல்லித் தொடங்குவது?

வாசகர் கேள்வி: மார்ச் 2, 2025

நான் இராமநாதபுரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மண்டபம் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில் பெண்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் நிதிக்கல்வி வகுப்பு எடுத்தோம். மாத வருமானத்தில் பாதியைத் தேவைக்கும், ஒரு பங்கை விருப்பத்துக்கும், மீதியைச் சேமிப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினோம். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இவர்களிடம் சேமிக்கும் பழக்கமே இல்லை என்றும், அதை முதலில் ஏற்படுத்தாமல் வேறெதைச் சொல்லியும் பயனில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கரையில் வகுப்பு எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

சேமிக்கும் பழக்கம் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. அந்த முடிவோடு அடுத்த வகுப்புக்குப் போனால் மீதிப் பேரும் எழுந்து போவார்கள் என்பதால் உடனே எழுதுகிறேன்.

நான் இதே கரையில் பிறந்து, மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் அம்மா கருவாடு விற்றார். அவருடைய சேமிப்பு மூன்று இடங்களில் இருந்தது: அரிசிப் பானைக்குள் ஒரு சுருக்குப்பை, பக்கத்துத் தெருவில் நடந்த ஏலச்சீட்டு, காதில் கிடந்த தோடு. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தோடு அடகுக்குப் போகும், மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்தில் திரும்பி வரும். வங்கிக் கணக்கு இல்லாமலேயே அவர் ஒரு வங்கி நடத்தினார் என்று வணிகவியல் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இன்றைக்கும் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் பெண்கள் தவணை தவணையாக 1,500 ரூபாய் கட்டுகிறார்கள். அரசு 3,000 ரூபாய் போட, மீன்பாடு குறைந்த மாதங்களுக்காக 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. பழக்கம் இல்லாதவர்களால் அந்தத் தவணையைக் கட்டி முடிக்க முடியாது.

நீங்கள் செய்த பிழையை நானும் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆண்டில், வலை பின்னும் ஓலைக்கொட்டகையில் முதல் வகுப்பு எடுத்தபோது, கரும்பலகையின் முதல் வரியில் ‘மாத வருமானம்’ என்று எழுதினேன். முன்வரிசையில் இருந்த ஒரு கடற்பாசி எடுக்கும் பெண் எழுந்து, “எந்த மாதத்தைச் சொல்லுறீங்க, டீச்சர்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் ‘சராசரி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினேன். அவருடைய கேள்வி சரியானது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வகுப்புகள் ஆயின.

மார்ச் 5

மாதம் என்ற அளவு இங்கே ஏன் ஒட்டுவதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நீர்ப்போக்கைப் பார்த்துத்தான் வேலை நாள்கள் அமைகின்றன. அவற்றைக் கருவா, வெள்ளுவா என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இராமேசுவரம் தீவில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. மற்ற நாள்களிலும் விசைப்படகும் நாட்டுப்படகும் கிழமை பிரித்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. வந்த மீனை ஏலம் விட்டு, எண்ணெய்ச் செலவு போகப் பங்கு பிரித்தால், ஒருவர் கையில் ஒரே நாளில் நாலாயிரமும் வரலாம், வெறும் குழம்பு மீனும் வரலாம். இவ்வளவையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண் யாருடைய வாழ்க்கையிலும் இல்லாத எண்.

எனவே இப்போது நான் முதல் வகுப்பில் நாட்காட்டியைத் தரையில் விரித்துவிடுகிறேன். பணம் வரும் நாள்களில் மஞ்சள் பொட்டு, கடன் வாங்கும் நாள்களில் கரிப்பொட்டு. வைப்பது அவர்கள், நான் எழுதுவதில்லை. கரிப்பொட்டு ஜூன் முதல் வாரத்தில் குவியும்போது அவர்களே பேசத் தொடங்குகிறார்கள்.

மார்ச் 9

வட்டியை எப்படிச் சொல்லித் தருவது என்று இந்தக் கேள்வி-பதில் தொடரில் சிலர் கேட்டிருந்தார்கள். நம் ஊரில் வட்டியைச் சதவீதத்தில் யாரும் சொல்வதில்லை. ‘மூணு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ‘பத்து வட்டி’ என்றால் மாதம் பத்து. இந்த அலகை மாற்ற முயலாதீர்கள், இது தெளிவான அலகு. மற்ற எல்லாக் கடனையும் இந்த அலகுக்குக் கொண்டுவந்து ஒப்பிடக் கற்றுக்கொடுத்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, தண்டல் கடன். பத்தாயிரம் என்று சொல்லி 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து, அதுவும் மூன்றே கால் மாதத்துக்கு மேல் என்றால், மாதத்துக்கு நாலரை வட்டி ஆகிறது. வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் குறைவு என்பதோடு இதை ஒப்பிட்டுக் காட்டலாம்.

மார்ச் 10

நேற்று நான் எழுதிய தண்டல் கணக்கு தவறு. பதினோராம் வகுப்பில் என்னிடம் படித்து இப்போது ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சுட்டிக்காட்டினார். வகுப்பிலும் சில ஆண்டுகளாக இதே தவற்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. கடனின் உண்மையான எடையைப் பாதிக்கும் குறைவாகக் காட்டியிருக்கிறேன்.

பிழை இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, கையில் வந்தது 8,500 தான். பத்தாயிரத்துக்கு வட்டி போட்டது தவறு. இரண்டு, மறுநாளிலிருந்தே நூறு நூறாகத் திருப்பிக் கொடுப்பதால், அந்த 8,500 ரூபாயும் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பாதியளவே, ஏறத்தாழ 4,250 ரூபாயே, அவர் பயன்பாட்டில் இருக்கிறது. மாதத்துக்கு 450 ரூபாய் வட்டியை 4,250 ரூபாய்க்கு வகுத்துப் பார்த்தால் பத்து வட்டிக்குச் சற்று மேலே போகிறது. நாள் வாரியாகத் துல்லியமாகப் போட்டாலும் விடை பத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. அதாவது, ‘பத்து வட்டிக்கு வாங்கவே மாட்டேன், தண்டல்தான் வாங்குவேன்’ என்று சொல்கிற பெண் அதே பத்து வட்டியைத்தான் கட்டுகிறார்.

சூத்திரம் தெரியாதவர்களுக்கு இதைக் காட்ட நேற்று மாலை சோழிகளை வைத்துப் பார்த்தோம். ஒரு சோழி நூறு ரூபாய். கடன் கொடுப்பவர் 85 சோழி கொடுக்கிறார். நாளுக்கு ஒன்று திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாள் கையில் 35 சோழி இருக்கிறது, கொடுக்க வேண்டியதோ இன்னும் 50. எண்பத்தைந்தாம் நாளன்று கை காலி, பதினைந்து சோழி பாக்கி. அங்கே வகுப்பு அமைதியானது. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கூட்டு வட்டியைப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் தங்கள் வீட்டு வாசலுக்கு வரும் தண்டலை அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

அதிக வட்டி வசூலைத் தடைசெய்யும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. இதை வகுப்பில் சொல்ல வேண்டும்; ஆனால் கடைசியில் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே சொன்னால், கடன் வாங்கியிருப்பவர் தாம் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்து வாய் திறக்க மாட்டார்.

மார்ச் 16

வட்டியே இல்லாத கடனைப் பற்றி எழுத வேண்டும், ஏனெனில் இந்தக் கரையில் மிகப் பெரிய கடன் அதுதான். மீன் வியாபாரி படகுக்காரருக்கு முன்பணம் தருகிறார், வட்டி கேட்பதில்லை, பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ‘வட்டி இல்லாத பணம்’ என்றுதான் வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு நண்டு வலைக்காரரின் கணக்கை அவருடைய ஒப்புதலோடு, எண்களை எளிதாக்கித் தருகிறேன். முன்பணம் 50,000. வெளியில் விற்றால் கிடைக்கும் விலையைவிடக் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு. நாளுக்குப் பத்துக் கிலோ, மாதத்தில் இருபது நாள் என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய் குறைகிறது. ஐம்பதாயிரத்துக்கு மாதம் ஆறாயிரம் என்றால் பன்னிரண்டு வட்டி. அசல் ஒரு ரூபாயும் குறையவில்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அவர் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் தகப்பனார் வாங்கிய முன்பணம் இது என்று சொன்னார்.

மார்ச் 17

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. அது பாதி உண்மை.

அதே நண்டு வலைக்காரரின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, இரவு ஒரு மணிக்கு வண்டியும் இருபதாயிரம் ரூபாயும் அனுப்பியவர் அந்த வியாபாரிதான். மீன் கிடைக்காத நாள்களில் குறைவாகக் கொண்டுபோனாலும் அவர் கேள்வி கேட்பதில்லை. வங்கித் தவணை அப்படிப் பொறுக்காது. 12 வட்டி என்று நான் போட்ட கணக்கில், காப்பீட்டுக்கும் அவசர உதவிக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்து அவர்கள் கொடுக்கும் விலை கலந்திருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டாமல் வியாபாரியைக் கொடுமைக்காரராக்கிப் பேசினால் நாம் ஊரை விட்டுப் போன பிறகும் அவர்கள் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

உழவர் கடன் அட்டை 2018-19 நிதிநிலை அறிக்கைக்குப் பின் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. காலம் தவறாமல் கட்டினால் வட்டி ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு இறங்குகிறது, அதாவது நம் அலகில் அரை வட்டிக்கும் கீழே. முன்பணத்தின் ஒரு பகுதியையாவது இதைக் கொண்டு அடைத்துவிட்டால், மீனை எங்கே விற்பது என்று பேரம் பேசும் உரிமை கொஞ்சம் திரும்பி வரும். முழுதும் அடைக்கச் சொல்லி நான் இப்போது வற்புறுத்துவதில்லை.

ஏப்ரல் 6

இன்று நாமினி, அதாவது கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணத்தைப் பெற நியமிக்கப்படுபவர், பற்றி வகுப்பு எடுத்தேன். கடலுக்குப் போகிற வீட்டில் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கொண்டுவந்த பாஸ்புக்குகளில் பலவற்றில் பதிவு இல்லை. சிலவற்றில் இறந்துபோன தாயின் பெயர் இருந்தது. ஒரு படிவம், ஒரு கையெழுத்து, செலவு ஏதும் இல்லை. நாமினியைப் பதிந்துவிட்டால் போதும், வீடு பாதுகாப்பாகிவிடும் என்று சொல்லி முடித்தேன்.

ஏப்ரல் 13

‘போதும்’ என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றார். கணவர் கடலில் காணாமல் போய் நான்காவது ஆண்டு. “பொணம் கெடைச்சாத்தானே டீச்சர் நாமினிக்குக் கொடுப்பாங்க?” என்றார். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் நாமினி பணம் கேட்க முடியாது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் சட்டம் அவர் இறந்ததாகக் கொள்கிறது. அவர் கணவரின் கணக்கில் இருக்கும் பணம் அவருக்குத் தெரியும், தொகைகூடத் தெரியும், எடுக்கத்தான் முடியவில்லை.

பத்தாண்டுகளாக இந்தக் கரையில் இந்தப் பாடத்தை எடுக்கும் நான் இதைத் தானாக யோசித்திருக்க வேண்டும். பாடப்புத்தகம் மரணம் என்றால் வீட்டுக்குள் நடக்கும் மரணத்தைத்தான் எண்ணுகிறது, நானும் அப்படியே எண்ணியிருக்கிறேன்.

அந்த நிலைக்கு உதவுவது கூட்டுக் கணக்கு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் தொடங்கி, ‘இருவரில் எவரேனும் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்ற முறையில் இயக்கினால், ஒருவர் திரும்பி வராதபோதும் மற்றவர் பணத்தை எடுத்துக் குடும்பத்தை நடத்தலாம். நாமினியும் வேண்டும், கூட்டுக் கணக்கும் வேண்டும். கல்லூரி முகாமில் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் இதைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 20

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தன் வீட்டில் வட்டி கொடுப்பதும் வாங்குவதும் மார்க்கத்துக்கு ஆகாதது என்றும், தான் இந்த வகுப்புக்கு வருவது சரியா என்றும் தயங்கிக் கேட்டார். நம் பாடங்கள் வட்டியைச் சேமிப்பின் பரிசாகவே பேசுகின்றன. அவரைப் போன்ற பிள்ளைகளுக்கு முதல் பக்கத்திலேயே கதவு சாத்தப்படுகிறது. பல ஊர்களில் முஸ்லிம்களின் பொது நிதியான பைத்துல்மால் வட்டியில்லாமல் நகைக்கு ஈடாகக் கடன் கொடுக்கிறது. அதற்கும் ரசீது, தவணைத் தேதி, நகையின் எடைக் குறிப்பு எல்லாம் உண்டு. அந்த ரசீதையே கொண்டுவரச் சொல்லிப் பாடமாக்கினோம். கணக்கு வைத்தல், நாமினி, மோசடியை இனங்காணல் என்று அவருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி வட்டியோடு சம்பந்தமே இல்லாதது.

அவருடைய அண்ணன் வளைகுடா வேலைக்கு முயல்கிறார். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பதை அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

மே 18

காப்பீட்டுப் பணம் கழியும் நாள் அடுத்த வாரம் வருவதால் இதை இப்போதே எழுதுகிறேன்.

பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு 436 ரூபாய். இரண்டிலும் காப்புத் தொகை 2 லட்சம். காப்பு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. பணத்தை வங்கி தானாகவே மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கணக்கில் இருப்பு இல்லையென்றால் காப்பு அறுந்துபோகும்.

மே மாதக் கடைசி வாரம் என்பது நம் கரையில் தடைக்காலத்தின் பிற்பகுதி. யாருக்கும் வருமானம் இல்லாத, ஆண்டிலேயே கணக்குகள் மிகவும் வறண்டிருக்கும் நாள்களில் அந்த 20 ரூபாய் தேடப்படுகிறது. என் தெருவில் ஒருவர், விபத்துக் காப்பீட்டுக்கு 12 ரூபாய் என்றிருந்த காலத்தில், படகிலிருந்து தவறி விழுந்து இறந்தார். முந்தைய மே மாதம் அவர் கணக்கில் இருந்தது 7 ரூபாய். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியிருந்தார். ஐந்து ரூபாய்க் குறைவால் அந்தக் குடும்பத்துக்கு 2 லட்சம் வரவில்லை. அந்தப் பாஸ்புக்கை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தடைக்காலம் தொடங்குமுன், ஏப்ரல் முதல் வாரத்திலேயே, 456 ரூபாயைக் கணக்கில் போட்டுவிட்டு அந்த மாதங்களில் அதைத் தொடாமல் இருக்கச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த பின் ஆயுள் காப்பீட்டில் புதிதாகச் சேர முடியாது. அவர்களுக்கு 20 ரூபாயாவது. இதைத் தவிர, பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் மீனவருக்கு 5 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு, அதில் மீனவர் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. சேர்க்கப்பட்டிருக்கிறோமா என்று மீன்வளத் துறை அலுவலகத்திலோ சங்கத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மே 19

‘யாருக்கும் வருமானம் இல்லாத’ என்று நேற்று எழுதியது சரியில்லை என்று பாம்பனிலிருந்து ஒரு நாட்டுப்படகுக்காரர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும்தான். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகின்றன, மீனுக்கு அப்போது நல்ல விலையும் கிடைக்கிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், கூடை சுமப்பவர்கள், கருவாடு போடும் பெண்கள் ஆகியோருக்குத்தான் நான் எழுதியது பொருந்தும். அரசு தரும் 8,000 ரூபாய்த் தடைக்கால நிவாரணம் மே மாதக் கடைசிக்குள் வந்து சேரும் என்று நம்பி இருப்பை விட்டுவிட வேண்டாம்.

ஜூன் 1

மாணவர்களைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளிடம் ‘உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சில நாள் கொடு, கமிஷன் தருகிறேன்’ என்று கேட்கிறார்கள். வேறெங்கோ ஏமாற்றப்பட்டவரின் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகிறது. காவல் துறை வந்து நிற்பது பிள்ளையின் வீட்டு வாசலில். என் பழைய மாணவர் ஒருவருக்கு இது நேர்ந்தது. கணக்கு முடக்கப்பட்டதில் அவருடைய உதவித்தொகையும் சிக்கியது. யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பதையும், பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930 எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித் தரட்டும். இந்தப் பாடத்தில் ஆசிரியர்கள் அவர்கள்தான்.

ஜூன் 22

கேள்வி கேட்ட மாணவிக்கு: நீங்கள் அனுப்பிய புதிய தாளைப் பார்த்தேன். மாத வருமானம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டுக் கருவா, வெள்ளுவா, வாடை, கச்சான், தடைக்காலம் என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். ‘கடன்’ என்ற ஒரே கட்டத்தை மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: வட்டி தெரிந்த கடன், முன்கூட்டிப் பிடித்த கடன், மீனில் கழியும் கடன். மூன்றாவதைக் கேட்கும்போது பக்கத்தில் வேறு யாரும் இருக்க வேண்டாம்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. இன்று காலை பதினொரு பெண்கள் பாஸ்புக்கில் வரவு பதிந்து கொண்டுவந்தார்கள். எட்டில் 20 ரூபாய் கழிந்திருக்கிறது. மூன்றில் இல்லை. அந்த மூவரும் நாளைக் காலை வங்கிக்குப் போய் மறுபடி சேர்வதற்கான படிவத்தைக் கேட்கிறார்கள். நானும் உடன் போகிறேன். கணவர் திரும்பி வராத அந்தப் பெண் தன் மகனோடு கூட்டுக் கணக்கு தொடங்கியிருக்கிறார்.

வரும் ஞாயிறு உங்கள் முகாமுக்குச் சோழிகளைக் கொண்டுவருகிறேன். போன வாரம் பிள்ளைகள் விளையாட எடுத்துப் போனதில் சில குறைந்திருக்கின்றன. தொடங்குமுன் நூறு இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.